சுருட்டி வைத்த இரண்டாவது சார்ட்

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரும் என்னை நீக்கவில்லை. நானாக விலகவும் இல்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. போன மாதம் அதில் நீளமாக ஒரு செய்தி வந்தது. யாரோ எழுதி, பத்துக் கை மாறி வந்த செய்தி. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் திருவிருந்தில் சேர்ந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கூடாது என்று பைபிளின் லேவியராகமத்திலிருந்து அதிகாரமும் வசன எண்ணும் போட்டு, கீழே கைகூப்பும் படங்கள் நாலு வைத்திருந்தார்கள்.

வேலப்பன்சாவடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஷீலா உடனே என் பெயரைப் போட்டுக் கேட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். "ஆன்ட்டி, நீங்க முப்பது வருஷம் பைபிள் உமனா இருந்தீங்க. இது சரியா தப்பா, ஒரு வார்த்தைல சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. என்னோடு வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். சபை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போதைய ஆயரும் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பைபிள் உமன் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சபையில் சம்பளத்துக்கு வைக்கும் ஊழியக்காரி. வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும், பெண்களுக்கு வேதபாடம் எடுக்க வேண்டும், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை என்று தெரிந்து ஆயரிடம் சொல்ல வேண்டும். கடைசி வேலையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதற்கு இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் பயிற்சி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஐந்துக்கு மணி அடிக்கும், உப்புமாவில் உப்பு இருக்காது. ஆனால் லேவியராகமத் தேர்வில் நான்தான் முதல். எந்த மிருகம் சுத்தமானது, எது அசுத்தமானது, பிள்ளை பெற்றவள் ஆண் குழந்தை என்றால் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், பெண் குழந்தை என்றால் எத்தனை நாள், எல்லாம் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன். சுவிசேஷத் தேர்விலும் நல்ல மதிப்பெண்தான். வெளியிலிருந்து உள்ளே போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படுவதுதான் தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்னதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இரண்டும் வெவ்வேறு நாள் தேர்வு. அதனால் என் மண்டைக்குள் அவை இரண்டும் ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் காலத்தில் ஐந்து ஆயர்கள் வந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை எழுதினால் கூச்சப்படுவார், ஐயா என்றே இருக்கட்டும். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். முதல் ஞாயிறு திருவிருந்து என்றால் சனிக்கிழமை மாலையே பாத்திரங்கள் வைக்கும் அறைக்கு வந்துவிடுவார். முதலில் நகம் வெட்டிக்கொள்வார். பிறகு வெள்ளிப் பாத்திரத்தை வெந்நீரில் இரண்டு முறை கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஈரம் முழுக்க வடிந்த பிறகே துணி அதன்மேல் படலாம். மேசை விரிப்பு மூன்றாக மடித்திருக்க வேண்டும். மடிப்பு கோணினால் ஒன்றும் சொல்ல மாட்டார், இஸ்திரிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான், நான் திரும்பத் தேய்க்க வேண்டும்.

ஞாயிறு காலை ஆராதனையின் நடுவில் அவர் விரல்களின்மேல் நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவேன். எல்லோரும் வரிசையாக வந்து முன்னே முழங்காலிடுவார்கள். அப்போது எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். இப்போது இருக்கிற மாதிரி ஆளுக்கொரு குட்டிக் குவளை கிடையாது. ஒருவர் பருகியதும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பார், பாத்திரத்தைக் கால் பங்கு திருப்புவார், அடுத்தவருக்குக் கொடுப்பார். துடைப்பது, திருப்புவது, கொடுப்பது. இருநூறு பேருக்கும் அதே நிதானம்.

இவ்வளவு கறாரான மனிதர், ஆட்கள் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை. நான் போய், "ஐயா, இன்னார் மனசுல கசப்பு இருக்குது" என்று சொன்னால், "அது நீங்க நினைச்சதும்மா. என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். எப்போதும் இதே கேள்விதான். எனக்கு எரிச்சலாக வரும். இவர் என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்துகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வேலைக்கும் ஒரு முறை இருந்தது. திருவிருந்துக்கு முந்தைய வாரம் முழுக்க வீடுகளுக்குப் போவேன். யாரோடாவது மனஸ்தாபம் உண்டா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியது உண்டா, யாருக்காவது செய்த தீங்கு மனதை உறுத்துகிறதா என்று மூன்று கேள்வி கேட்பேன். ஞாயிறன்று பக்கவாட்டு வாசல் அருகே நின்று, யார் முன்னே வந்தார்கள், யார் வரவில்லை என்று நோட்டில் குறிப்பேன். வந்தவர்களுக்கு ஒரு கோடு. வராதவர்களுக்கு வட்டம். பெண்கள் சில மாதங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு புள்ளி. வரலாமே என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை. நானே அந்த பெஞ்சில் உட்கார்ந்த மாதங்கள் உண்டு.

கனகா என்ற பெண்ணின் பெயருக்கு நேரே முதல் மாதம் புள்ளி வைத்தேன். இரண்டாம் மாதமும் புள்ளி. மூன்றாம் மாதமும் அவள் வராதபோது வட்டம் போட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்றே வந்துவிடுமா, இது வேறு என்று தீர்மானித்துவிட்டேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் வீடு. புருஷன் லாரியில் வெளியூர் போய்க்கொண்டிருப்பான். வீட்டில் கனகாவும் மாமியார் ராணியம்மாவும்தான். ராணியம்மா அந்தக் காலத்தில் அதே ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர். கனகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள், அதனால் எங்களைவிட அக்கறையாகக் கேட்டுக்கொள்வாள். புதன்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடுவாள்.

நாலாவது வட்டம் போட்ட மாதம் அவள் வீட்டுக்குப் போய் நேரடியாகவே கேட்டேன். "கனகா, உள்ள என்ன வெச்சிருக்க? யார் மேல கோவம்?"

"ஒண்ணியும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாம ஆறு மாசம் யாரும் ஆண்டவர் பந்திக்கு வராம இருக்க மாட்டாங்க. அத்தையோட ஏதாவதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அதை இப்போது எழுதவே கூசுகிறது. அப்போதே ராணியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மன்னிப்புக் கேள் என்றேன். கனகா எதிர்த்துப் பேசவில்லை. "மன்னிச்சிக்க அத்தே" என்றாள்.

ராணியம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்குடி? இன்னா பண்ணே நீ?"

"ஒண்ணியும் பண்ல அத்தே."

"ஒண்ணியும் பண்லன்னா இன்னாத்துக்கு மன்னிப்பு?"

நான் ஒரு ஜெபம் பண்ணி, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ராணியம்மா மருமகளின் டிபன் பாக்ஸ் முதல் தலையணைக்கு அடி வரை சோதனை போட்டாராம். தனக்குத் தெரியாமல் இவள் என்னவோ செய்திருக்கிறாள் என்று சந்தேகம். சண்டையே இல்லாத வீட்டில் சண்டையை மூட்டிவிட்டு வந்தது நான்தான். அடுத்த முதல் ஞாயிறும் கனகா கடைசி பெஞ்சில்தான் இருந்தாள். நான் இன்னொரு வட்டம் போட்டேன்.

ஏழாவது வட்டத்துக்குப் பிறகு ஐயாவிடம் போனேன். ஆராதனை முடிந்து அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஐயா, கனகா மனசு கடினப்பட்டுப் போச்சு. நீங்கதான் கூப்பிட்டுக் கண்டிக்கணும்."

"என்னம்மா பாத்தீங்க?"

"ஒன்பது மாசம் பந்திக்கு வரல ஐயா."

"அது வராதது. பாத்தது என்ன?"

அவர் அடம் எனக்குப் பழக்கம்தான். நானும் வீம்புக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். "எப்பவும் வாசல் ஓரமா உக்கார்றா. எப்பப் பாத்தாலும் அடர் கலர் புடவை. பெஞ்சு மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டு அதுமேலதான் உக்கார்றா. அவ வீட்ல ஜெபக்கூட்டம்னா பாய்ல உக்கார மாட்டா, தரையிலதான். வாசிம்மான்னு என் பைபிளை நீட்டினா கண்ணு சரியா தெரியலன்னு கையப் பின்னாடி கட்டிக்கிறா. நல்லாதான் தெரியும், ஊசியில நூல் கோக்கறா. வெறும் அரிசிய அள்ளி வாயில போட்டு மென்னுகிட்டே இருக்கா. கோயில் படி நாலு ஏறினா மூச்சு வாங்குது. நகமெல்லாம் வெளுத்து..."

சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. ஐயா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, எனக்குப் புரிந்தது அவருக்குத் தெரிந்ததா, தெரியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பருத்திப்பட்டுக்கு நடந்தேன். பஸ்ஸுக்கு நிற்கக்கூடத் தோன்றவில்லை.

கனகா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். "எத்தனை நாளா கனகா?"

அவள் எதையும் மறைக்கவில்லை. "நாள் இல்லக்கா. போன கார்த்திகைல ஆரம்பிச்சுது. நடுவுல ரெண்டு நாள் நிக்கும், மறுக்கா வந்துரும்."

"ஏண்டி சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நா சுத்தமா இல்லக்கா. நீங்கதான அன்னிக்கு சார்ட்டு வெச்சுகினு சொன்னீங்க. உதிரம் நிக்கிற வரிக்கும் அவ தீட்டு, அவ உக்காந்தது தீட்டு, தொட்டது தீட்டுன்னு. உங்க பைபிள நா எப்டிக்கா தொடுவேன்?"

சார்ட் பேப்பர். அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தக் கார்த்திகையில் புதன்கிழமைக் கூட்டத்தில் இரண்டு வாரப் பாடம் ஒன்று திட்டம் போட்டேன். முதல் வாரம் லேவியராகமத்துச் சுத்தச் சட்டங்கள். சிவப்பு, பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, தேர்வில் முதல் வாங்கிய பெருமையெல்லாம் அதில் இறக்கியிருந்தேன். இரண்டாம் வாரம் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதை. பன்னிரண்டு வருடம் உதிரம் நிற்காத ஒருத்தி, கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொடுகிறாள். சட்டப்படி அவள் தொட்டால் அவருக்குத்தான் தீட்டு. நடந்தது வேறு. அவளுக்குச் சுகம் வந்தது, அவர் அவளை மகளே என்று கூப்பிட்டார். அந்தச் சார்ட்டையும் எழுதி முடித்திருந்தேன். அந்தப் புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கம் முழுக்கத் தண்ணீர், கூட்டம் இல்லை. அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி வந்துவிட்டது. இரண்டாவது சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தேன். அது அங்கேயே இருந்தது.

பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல், சொன்ன பாதியை அப்படியே நம்பியவளைக் கல் நெஞ்சக்காரி என்று நோட்டில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். இதைவிட வெட்கமான நாள் என் ஊழியத்தில் இல்லை.

"டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாம்ல?"

"பயமா கீதுக்கா. எங்கம்மா இதுலதான் போச்சு, கர்ப்பப்பைல புத்து. எனக்கும் அதான்னு சொல்ட்டாங்கன்னா?" துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "ஜெபம் பண்ணிக்கலாம்னு பாத்தா, சுத்தமானாத்தான் அவர்கிட்ட போவ முடியும். அவர்கிட்ட போனாத்தான சுத்தமாவும். இன்னாக்கா பண்றது?"

இரண்டு தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கிய நான் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பதறிப்போய் கையை இழுத்துக்கொண்டாள், எனக்குத் தீட்டாகிவிடும் என்று. நான் விடவில்லை.

சத்தம் கேட்டு ராணியம்மா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மருமகளை அடிப்பது போலக் கையை ஓங்கினார், அப்புறம் அதே கையால் அவள் கன்னத்தைத் தடவினார். "இதச் சொல்றதுக்கு இன்னாடி உனுக்கு? நா வேற தலாணிக்கு அடில எல்லாம் தேடிகினு இருந்தேனே" என்றார். அழுகைக்கு நடுவில் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. நான்கு நாள் படுக்கவைத்து இரத்தம் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்றார்கள். என்ன கட்டி என்று பார்க்கச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து வாரம் ஆகும், அதுவரை மாத்திரை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்து வாரத்துக்கு நடுவில் முதல் ஞாயிறு வந்தது.

அதற்கு முன் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. புதன்கிழமைக் கூட்டத்தில் இரண்டாவது சார்ட்டைப் பிரித்து மாட்டினேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. லேவியராகமத்தை நான் குறை சொல்லவில்லை. உன்னில் நீ அன்புகூருவது போல் பிறனிலும் அன்புகூரு என்பது அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, அதை நான் முதல் சார்ட்டில் எழுதாமல் விட்டிருந்தேன் என்றும் சொன்னேன். கனகா பெயரைச் சொல்லவில்லை. என் தவறைச் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் எத்தனை மாதம் அந்தக் கடைசி பெஞ்சில் என்னென்ன நினைத்து உட்கார்ந்திருந்தார்களோ.

ஞாயிறன்று கனகா வந்தாள். கடைசி பெஞ்சு, மடித்த துண்டு. நான் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வாசலில் நிற்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வரிசை எழுந்தபோது அவள் என் காதில், "இன்னும் நிக்கலக்கா" என்றாள்.

"தெரியும், வா."

ராணியம்மா அந்தப் பக்கம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முன்னே போய் முழங்காலிட்டோம். ராணியம்மா, கனகா, பிறகு நான். கனகா முன்னால் ஐயா வந்ததும் அவள் தலையைத் தூக்கி, "ஐயா, நா இன்னும் சொகமாவல" என்றாள். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டிருக்கும். இருநூறு பேருக்கும் சொல்லும் அதே திருவிருந்து வார்த்தைகளை, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல், அதே நிதானத்தில் சொல்லிப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் பருகினாள். துடைத்தார், திருப்பினார், என்னிடம் கொடுத்தார்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு நொடி அந்த விளிம்பைப் பார்த்தேன். அவள் வாய் பட்ட இடம் எது என்று என் கண் தானாகத் தேடியது. இவ்வளவு அழுது, சார்ட் மாட்டி, மன்னிப்புக் கேட்ட பிறகும் தேடியது. அன்று அந்த வரிசையில் சுத்தமாக வேண்டியவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிக் குடித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

பதினோரு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் முடிவு வாங்கப் போனோம். ராணியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாலை ஜெபத்தைக் காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "புத்து இல்ல. சாதாரணக் கட்டிதான். கொஞ்சம் ரத்தம் ஊறட்டும், அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார்.

கனகா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா இன்னொரு முறை சொன்னார். ராணியம்மாவைக் கூப்பிட்டு மூன்றாம் முறையும் சொல்லவைத்தாள். யாரும் கோபப்படவில்லை.

அடுத்த மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று கனகாதான் எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர். நான் நோட்டு வைத்திருந்த மாதிரியே கையில் எப்போதும் ஒரு நோட்டு. ஆனால் வட்டம் போடுவதில்லை. ஷீலா, வேறு ஏதாவது கேட்பதென்றால் அவளையே கேள்.

எனக்கு அந்த ஆபரேஷனைவிட, முடிவு வாங்கிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததுதான் நினைவில் நிற்கிறது. பூந்தமல்லி பஸ்ஸுக்காக நின்றோம். வெயில். தோளில் என் பை, பைக்குள் பைபிள், முப்பது வருடமாக அதன் இடம் அதுதான். கனகாவுக்கு அன்றும் முழுதாக நிற்கவில்லை, மாத்திரையில்தான் இருந்தாள். பஸ் வருவதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"குடுக்கா, நா தூக்கிகினு வரேன்" என்றாள்.

கொடுத்தேன். பைபிளோடு பையை மடியில் வைத்துக்கொண்டு, பூந்தமல்லி வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தாள்.